வேன் பின்கதவு கேஸ் ஸ்ட்ரட்: அசலா, வெளிக்கம்பெனியா, வால்வு வைத்ததா?

தூக்கிவிட்ட பின்கதவு நிற்காமல் மெல்ல இறங்குகிறது என்றால், அதைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டுக்குள் (உருளையும் அதிலிருந்து நீளும் கம்பியும் கொண்ட தாங்கி) அழுத்தி அடைத்த நைட்ரஜன் சீல் வழியே கசிந்துவிட்டது. கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு, துருப்புள்ளி, கீறல் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கண்ணிலேயே படும். சாதாரண ஸ்ட்ரட்டில் மறுபடி வாயு நிரப்ப வழி கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் கதவு முறுக்கிக்கொள்ளும்.

கதவில் எதையும் கூட்டாத வேனுக்கு அசல் பாகத்தை மிஞ்ச வேறில்லை. ஆனால் வேனின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் தவறிப்போக வாய்ப்புண்டு. ஒரே மாடலில் கண்ணாடிக் கதவு, தகரக் கதவு, வைப்பர் வைத்த கதவு என்று எடை மாறும். அதற்கேற்ப ஸ்ட்ரட்டின் விசையும் மாறும். பழைய உருளையைத் துடைத்துப் பாருங்கள். பாக எண்ணும், நியூட்டனில் விசையும் அச்சாகியிருக்கும். தோராயமாக 10 நியூட்டன் என்பது 1 கிலோ தூக்கும் அளவு.

பெயர் பெற்ற வெளிக்கம்பெனி ஸ்ட்ரட்டுகள் தரத்தில் அசலுக்குக் குறைந்தவை என்று சொல்ல முடியாது. ஸ்டேபிலஸ் போன்றவர்கள் வாகனக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்கள். விசை, விரிந்த நீளம், ஸ்ட்ரோக் (கம்பி உள்ளே போய்வரும் தூரம்), முனையின் வகை ஆகிய நான்கும் பொருந்தினால் தயங்காமல் வாங்கலாம். நீளத்தை ஒரு முனைக் குமிழின் மையத்திலிருந்து மறுமுனைக் குமிழின் மையம் வரை அளக்க வேண்டும். விரிந்த நீளம் கூடினால் கதவு அளவுக்கு மீறித் திறந்து கீலை நெரிக்கும். ஸ்ட்ரோக் குறைந்தால் மூடும்போது ஸ்ட்ரட் முன்னதாகவே முட்டிக்கொள்ளும். அப்போது ஓங்கி அறைந்தால் பிராக்கெட் பிய்ந்து வரும்.

பெயரில்லாத மலிவு ரகத்தில் கவலை ஜோடிப் பொருத்தத்தைப் பற்றியது. ஒரே எண் அச்சிட்ட இரண்டும் ஒரே விசையில் இருக்கும் என்று நம்ப முடியாது. குளியலறை எடைமேடையில் பலகை வைத்து, கம்பி கீழே இருக்கும்படி ஸ்ட்ரட்டைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள். கம்பி உள்ளே போகத் தொடங்கும்போது 500 நியூட்டன் ஸ்ட்ரட் 51 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். வழுக்கிவிடாமல் பிடிக்க இன்னொருவர் உடனிருக்கட்டும். இரண்டுக்கும் நாலைந்து கிலோ வித்தியாசம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காயலான் கடையில் கழற்றி விற்கும் பழையது வேண்டவே வேண்டாம். அதன் சீலும் அதே அளவு தேய்ந்ததுதான்.

கேம்பராக (உள்ளே தங்கிப் பயணிக்கும்படி) மாற்றிய வேன், பின்கதவில் சைக்கிள் தாங்கி மாட்டிய வேன் என்றால் கணக்கே வேறு. இங்கே அசல் பாகம் தோற்கும், வாயுவைக் கொஞ்சம் வெளியே விட்டு விசையைக் குறைத்துக்கொள்ளும்படி வால்வு வைத்த ஸ்ட்ரட் வெல்லும். எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஊகிக்காமல் அளந்துவிடலாம். கதவை ஒருவர் பிடித்துக்கொள்ள, இரண்டு ஸ்ட்ரட்டையும் கழற்றுங்கள். கதவைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் வெளி விளிம்புக்கு நேர் கீழே எடைமேடை வைத்து, ஒரு கம்பால் முட்டுக்கொடுங்கள். கம்பின் எடையைக் கழித்தபின் 15 கிலோ, கீலிலிருந்து விளிம்பு 1.2 மீட்டர் என்றால், கதவு கீலைச் சுற்றிக் கீழே இறங்கப் பார்க்கும் திருப்புவிசை 15 × 9.81 × 1.2 = சுமார் 177 நியூட்டன் மீட்டர். அதே நிலையில் கீலிலிருந்து ஸ்ட்ரட் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம் 0.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்ட்ரட் என்பதால் 0.4 ஆல் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 442 நியூட்டன். இதோடு 10 முதல் 15 சதவீதம் கூட்டி 500 வாங்கலாம். இந்தக் கதவின் உட்புறம் ஒரு சதுர மீட்டருக்கு 9 மி.மீ. பிளைவுட் அடித்தால் ஐந்தரை கிலோ ஏறும். ஸ்ட்ரட் ஒன்றுக்கு 80 நியூட்டன் கூடுதலாகத் தேவைப்படும்.

அந்த 10 - 15 சதவீதம் வெப்பநிலைக்காக. அச்சிட்ட விசை 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் மூன்றரை சதவீதம் ஏறி இறங்கும். 500 நியூட்டன் ஸ்ட்ரட் உறைநிலைக் குளிரில் 466 அளவுக்குத்தான் தள்ளும்.

அதற்காக 'எதற்கும் இருக்கட்டும்' என்று 800 நியூட்டன் மாட்டுவது பெரிய தவறு. கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்ட்ரட் அழுத்தமாகச் சுருங்கி, விரிந்த நிலையைவிடக் கூடுதலாகத் தள்ளுகிறது. அந்தச் சுமை இரவு பகலாகக் கீலிலும் மேல்மூலைத் தகடுகளிலும் இறங்கும். தகடு வளையும், கதவு இடைவெளி மாறும், குமிழ் போல்ட் பிடுங்கிக்கொள்ளும்.

வால்வு வகையைக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் விசையில் வாங்கி, குறைத்துக்கொண்டு வர வேண்டும். வால்வு மேலே பார்க்கும்படி பிடித்தால்தான் வாயு மட்டும் வரும், எண்ணெய் தங்கும். ஆலன் கீயால் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடி, மறு ஸ்ட்ரட்டிலும் அதே அளவு விட்டு, மாட்டிப் பாருங்கள். அதிகம் விட்டுவிட்டால் வீட்டில் திரும்ப ஏற்ற முடியாது. சுமை ஏற்றிய கதவோடுதான் சோதிக்க வேண்டும். சைக்கிள்களை மட்டும் இறக்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவற்றையும் சேர்த்துத் தூக்கும் விசை, வெறும் கதவுக்குத் தாங்காது.

மாட்டும் வேலை எந்த ரகத்துக்கும் ஒன்றுதான். கதவுக்கு உறுதியான முட்டு. முனையிலுள்ள கிளிப்பைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் சில மி.மீ. மட்டும் தூக்கிவிட்டு இழுத்தால் குமிழிலிருந்து கழன்று வரும். சில பழைய வண்டிகளில் பின்கண்ணாடிச் சூடேற்றிக்கு மின்சாரம் ஸ்ட்ரட் வழியே போகும். அதில் வயர் இணைப்பு தெரிந்தால் அதே வகைதான் வாங்க வேண்டும். மூடிய நிலையில் கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். எண்ணெய் சீலை நனைத்தபடி இருக்கும். கம்பியைப் பிளையரால் பிடிக்கவோ பெயின்ட் அடிக்கவோ கூடாது, சின்னக் கீறலும் சீலைக் கிழிக்கும். முதல்முறை கதவை அறையாமல் கையால் மெதுவாக இறக்கி, பூட்டு விழும்வரை ஸ்ட்ரட் எங்கும் முட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.