லோகோவை யார் கையில் கொடுப்பது?

பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஹூடி வாங்குகிறவர், கொடுத்த காசில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வார். அப்படியெல்லாம் இல்லை. பெயரைப் போட்டுக்கொள்வதற்காகத் தயாரிப்பாளர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பங்கான ராயல்டியைப் பொதுவாகக் கடை விலையில் கணக்கிடுவதில்லை. தயாரிப்பாளர் கடைக்காரருக்குப் போடும் மொத்த விலையில்தான் கணக்கு. அதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கடையில் 100க்கு விற்கிற சட்டையின் மொத்த விலை 50 என்றால், பல்கலைக்கழகத்தின் கைக்கு வருவது 5.

இந்த 5ஐ வசூலிக்கவும், அதைக் கொடுக்காமல் அச்சடிக்கிறவர்களைப் பிடிக்கவும் மூன்று ஏற்பாடுகள் வழக்கத்தில் உள்ளன. பல்கலைக்கழகமே ஓர் அலுவலகம் திறந்து உரிமம் கொடுக்கலாம். பல பல்கலைக்கழகங்களுக்காக உரிமம் கொடுக்கும் வேலையைப் பார்க்கும் ஏஜென்சியிடம் விடலாம். அல்லது ஒரே பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடலாம். யார் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நான் முதலில் கேட்பது வேறு: எந்த ஏற்பாட்டில் ஒருவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது சுலபம்?

ஏஜென்சியிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு உருவம் கொடுத்தவர் பில் பேட்டில். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். 1981இல் காலேஜியேட் லைசென்சிங் கம்பெனியைத் தொடங்கினார். அலபாமா பல்கலைக்கழகம் அதன் முதல் வாடிக்கையாளர். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகச் சட்டை என்பது யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிற சரக்காக இருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சட்டைகளை சாம்பியன் நிறுவனம் 1930களிலிருந்தே விற்றுவந்தது. பல பத்தாண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு வழக்குப் போட்டது. தாமதமானாலும் இனிமேல் நடக்கும் விற்பனையைத் தடுக்கக் கேட்கலாம் என்று 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1983இல் கீழ் நீதிமன்றம் மறுபடியும் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நெடுங்காலம் தூங்கிவிட்டு எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

ஏஜென்சியின் பலம் கூட்டத்தில் இருக்கிறது. ஏராளமான தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் ஏற்கெனவே தயார். கணக்குத் தணிக்கை செய்ய ஆள் உண்டு. வழக்கென்று வந்தால் பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு போகும். ஸ்மாக் அப்பேரல் வழக்கு நல்ல உதாரணம். அந்த நிறுவனத்தின் டி-ஷர்ட்டுகளில் பல்கலைக்கழகத்தின் பெயரோ லோகோவோ இல்லை. அணியின் நிறங்களைப் போட்டு, போட்டிகளைப் பற்றிச் சாடையாக நாலு வார்த்தை, அவ்வளவுதான். லூசியானா ஸ்டேட், ஓக்லஹோமா, ஒஹையோ ஸ்டேட், சதர்ன் கலிஃபோர்னியா ஆகிய நான்கும் ஏஜென்சியோடு சேர்ந்து வழக்காடின. வாங்குகிறவர் குழம்பக்கூடும் என்பதால் அந்த நிறச்சேர்க்கைக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2008இல் தீர்ப்பு வந்தது. சின்னப் பல்கலைக்கழகம் ஒன்று தனியாக இந்த அளவுக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பலவீனமும் அதே கூட்டம்தான். பெரிய விளையாட்டு அணி உள்ள பல்கலைக்கழகங்கள்தான் ஏஜென்சிக்குச் சோறு போடுகின்றன. மற்றவர்களின் கோப்பு அடியில் கிடக்கும். இன்னொன்று, டிசைனைப் பார்த்து ஒப்புதல் தருகிறவர் வளாகத்துக்குள் கால் வைத்ததே இல்லாதவராக இருக்கலாம். மாணவர்களின் கேலிப் பேச்சில் எது விளையாட்டு, எது யாரையாவது புண்படுத்துவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சொந்த அலுவலகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தாவரவியல் துறைக்கு நாற்பது சட்டை வேண்டுமா, பழைய மாணவர் சங்கத்துக்குக் கோப்பை வேண்டுமா, அரைப் பக்க மின்னஞ்சலில் முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு இதற்கென்றே சொந்தமாக ஒரு நிறுவனத்தை வைத்திருக்கிறது. ஆனால் செலவு? சட்டப் பிரிவின் நேரம், பதிவுகளைப் புதுப்பிப்பது, இணையத்தில் போலிகளைத் தேடுவது எல்லாம் சம்பளக் கணக்கில் ஏறும். வழக்கு மூலம் அதை ஈடுகட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பென் ஸ்டேட் 2021இல், தன் பழைய சின்னங்களை அச்சடித்து விற்ற விண்டேஜ் பிராண்ட் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் 2024 நவம்பரில்தான் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. கிடைத்த நட்டஈடு 28,000 டாலர். மூன்று வருட வழக்கறிஞர் கட்டணத்துக்கு முன்னால் இந்தத் தொகை எம்மாத்திரம்! அங்கே நடந்தது சின்னத்துக்கான சண்டை, பணத்துக்கானது அல்ல.

மூன்றாவது வழியான மொத்தக் குத்தகை, நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் பிடிக்கிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று உத்தரவாதத் தொகை வரும். ஒரே பில், ஒரே தொலைபேசி எண். அந்த நாற்பது சட்டைதான் போய்விடும். குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒன்று வந்து நிற்கும். சரி, அது சின்ன விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய விஷயம் வேறு.

டியூக் பல்கலைக்கழகம் 1997இல் தன் உரிமதாரர்களுக்கு நடத்தை விதிகள் வகுத்தது. தொழிலாளர்களை எப்படி நடத்த வேண்டும் என்பது அதில் இருந்தது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் அப்படிச் செய்தன. 2009இல் ஆடை தயாரிக்கும் ரசல் நிறுவனம் ஹோண்டுராஸில், தொழிற்சங்கம் அமைத்திருந்த தன் ஆலையை மூடியபோது அந்த விதிகள் வேலைக்கு வந்தன. மாணவர்கள் கிளம்பினார்கள், ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் உரிமத்தை நிறுத்தின. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, ஆட்களை மீண்டும் வேலைக்கு எடுக்க ஒப்புக்கொண்டது.

அவர்களால் நிறுத்த முடிந்ததற்கு ஒரு எளிய காரணம், ரசலைப் போல வேறு பலரும் அவர்களிடம் உரிமம் வாங்கியிருந்தார்கள். மொத்தக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால், உரிமத்தை நிறுத்திய மறுநாள் கடையின் அலமாரி காலி. தவறு நடந்தாலும் கண்டும் காணாமல் இருக்கத் தோன்றும். உத்தரவாதத் தொகைக்கு நாம் கொடுக்கிற விலை அதுதான் என்பேன்.

அதனால் என் வரிசை இப்படி: விளையாட்டால் நாடு முழுக்கப் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு ஏஜென்சி; வளாகத்தையும் பழைய மாணவர்களையும் தாண்டி சந்தை இல்லாத இடத்துக்கு, ஓர் ஆள் உட்கார்ந்தாலும் போதும், சொந்த அலுவலகம். மொத்தக் குத்தகை வேண்டுமென்றால் ஒரு சரக்குக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு.

ஏஜென்சி என்று முடிவானால், டிசைனுக்குக் கடைசி ஒப்புதல் பல்கலைக்கழகத்திடமே இருக்கட்டும். தரத்தைக் கவனிக்காமல் உரிமம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் சின்னத்தின் மீதான உரிமையே கைவிட்டுப் போகலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தில் பழைய விதி. அப்புறம், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் மீந்த சரக்கை விற்றுத் தீர்க்க எத்தனை நாள், அந்த விற்பனைக்கும் ராயல்டி உண்டா, கடைசி நாளுக்கு முன்பே அவசரமாகச் சரக்கை அடித்துக் குவிக்கத் தடை இருக்கிறதா? இது எழுத்தில் இல்லையென்றால், விலக்கிவிட்ட நிறுவனத்தின் சட்டைகள் அடுத்த பட்டமளிப்பு விழாவிலும் வாசலில் தொங்கும்.