கோப்பை எங்கே வெட்டுவது: ஸ்பிளிட், சிஸ்பிளிட், ஆக்

பெரிய உரைக்கோப்பைத் துண்டாக்க லினக்ஸ் முனையத்தில் ஸ்பிளிட் (split), சிஸ்பிளிட் (csplit), ஆக் (awk) என்னும் மூன்று கட்டளைகளும் கைகொடுக்கும். ஆயினும் முதலாவது அளவையும், இரண்டாவது உரையிலுள்ள அடையாளத்தையும், மூன்றாவது ஒவ்வொரு வரியின் மதிப்பையும் பார்த்து வெட்டுவதால், ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் சிக்கல்தான்.

ஸ்பிளிட் மூன்றிலும் எளியது. எந்த அளவும் குறிப்பிடாவிட்டால் 1000 வரிகளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடும். ஃபேட்32 என்னும் கோப்பு முறைமையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபி அளவுள்ள கோப்பை ஏற்காது என்பதால், அதில் ஏற்றுவதற்காகப் பைட் கணக்கில் வெட்டி, சேருமிடத்தில் கேட் (cat) கட்டளையால் ஒட்டிக்கொள்வதில் தவறில்லை. துண்டுகளைத் தனித்தனியாகப் படிக்க வேண்டுமென்றால் அது ஆபத்து: யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘க’ 3 பைட், ‘கு’ 6 பைட் என்றிருப்பதால், வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழக்கூடும். தமிழ் உரைக்கு, வரியைச் சிதைக்காமல் அளவுக்குள் நிறுத்தும் பெரிய ‘சி’ (-C) விருப்பமே ஏற்றது. வரம்பைவிட நீளமான வரியை மட்டும் அதுவும் உடைத்துவிடும்.

அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கவேண்டிய நூலுக்குச் சிஸ்பிளிட் பொருந்தும். பத்து முறை வெட்டச் சொல்லி எட்டு தலைப்புகளே கிடைத்தால், அது பிழை காட்டுவதோடு உருவாக்கிய கோப்புகளையும் அழித்துவிடுகிறது. ‘கே’ (-k) விருப்பம் கொடுத்தால் அவை தப்பும்.

மாவட்ட வாரியாகப் பிரிக்கவேண்டிய சிஎஸ்வி தரவுக்கோ (காற்புள்ளியால் புலங்களைப் பிரித்த அட்டவணைக் கோப்பு), என் கணிப்பில், ஆக் ஒன்றே தகுதியுடையது. ஸ்பிளிட், நெடுவரிசைப் பெயர்கள் உள்ள தலைப்பு வரியை முதல் துண்டில் மட்டும் விட்டுச் செல்லும். ஆக்கில் அதை நினைவில் வைத்து ஒவ்வொரு புதிய கோப்பின் தொடக்கத்திலும் எழுதச் சொல்லலாம். மதிப்புக்கு ஒரு கோப்பாகப் பிரிக்கும்போது மதிப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பை மீறி, ஆக்கின் சில வடிவங்கள் நின்றுபோகும் என்பதால், எழுதியவுடன் கோப்பைக் குளோஸ் (close) செய்து மூட வேண்டியிருக்கும். அப்போது ஒற்றை அம்புக்குறியால் (>) மீண்டும் திறந்தால் முன்பு எழுதியது அழிந்துவிடும். இரட்டை அம்புக்குறியோ (>>), நிரலை மறுமுறை ஓட்டும்போது பழைய கோப்புகளின் வாலிலேயே புதியதைச் சேர்க்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெறுமையான அடைவில் (ஃபோல்டரில்) ஓட்டுவது நல்லது.

முகவரிப் புலத்தில் மேற்கோள் குறிகளுக்குள் காற்புள்ளி இருந்தால் ஆக்கின் நெடுவரிசைக் கணக்கு பிசகும். உள்ளே வரிமுறிவும் இருந்தால் வரிகளை எண்ணும் ஸ்பிளிட் ஒரு பதிவையே இரண்டாக்கிவிடும். 2023-இல் வெளிவந்த குனு ஆக் 5.3 பதிப்பின் சிஎஸ்வி விருப்பம் இவ்விரண்டையும் சரியாகப் படிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பே கணினியில் இருக்குமானால், இத்தகைய கோப்பைப் பைத்தானின் சிஎஸ்வி தொகுதியிடம் கொடுத்துவிடலாம்.