17 அங்குல ஃப்ளோர் ஸ்க்ரப்பர்: ஆபீஸ் கிளீனிங் தொடங்குகிறவர் முதல் நாளே வாங்கலாமா?

கோவையில் ஆபீஸ் கிளீனிங் தொடங்கி பதினான்கு மாதம் ஆகிறது. நான், இரண்டு அக்காக்கள், ஒரு பையன், அப்புறம் தரை தேய்க்கும் இந்த மெஷின். 34,000 ரூபாய் விலை, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே கொண்டுவந்து வீட்டு ஹாலில் நிறுத்திவிட்டேன். மெஷினோடு போய் நின்றால்தான் நம்மை ஒரு கம்பெனியாக மதிப்பார்கள் என்ற நினைப்பு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, நானும் பதியவில்லை. ஆகவே அந்த 18 சதவீதம் வரிக் கணக்கில் எங்கேயும் கழியாது, முழுக்க என் கைக்காசு.

கடையில் இதை சிங்கிள் டிஸ்க் என்பார்கள். அடியில் 17 அங்குலத் தட்டு, அதில் பிரஷ்ஷோ பேடோ (தேய்க்கிற வட்டமான நார்) மாட்டிக்கொள்ளலாம், மேலே ஒன்றரை எச்பி மோட்டார், கைப்பிடியோடு சோப்புத் தண்ணீர் டேங்க். நிமிடத்துக்கு 175 சுற்று. எடை 45 கிலோவுக்குப் பக்கம், ஆனால் பின்னால் சக்கரம் இருப்பதால் கடையில் தள்ளிப் பார்க்கும்போது உறைக்காது. எனக்குக் கிடைத்த முதல் ஆபீஸ் கணபதி ஏரியாவில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மேலே கொண்டுபோய் வைத்ததும் நானும் பையனும் கால் மணி நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் குறை சொல்ல முடியாது. விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட ஆபீஸில் வருஷக்கணக்காக மாப்பு மட்டும் போட்டிருப்பார்கள், அழுக்கு போகாது, நகர்ந்து நகர்ந்து ஜாயிண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சோப்புத் தண்ணீர் விட்டு பத்து நிமிடம் ஊறவிட்டு மெஷினை ஓட்டினால் கறுப்பாகக் கிளம்பி வரும். அந்த ஆபீஸ் ஓனர் ஜாயிண்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது வெள்ளைக் கலருங்களா?" என்று கேட்டார். மாதக் கான்ட்ராக்ட் அங்கேயே பேசி முடிந்தது. மெஷினுக்குக் கொடுத்த காசில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஐயாயிரம் போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுவதற்குப் பழக வேண்டும். இதைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலப்பக்கம் போகும், கொஞ்சம் தாழ்த்தினால் இடப்பக்கம் போகும், அவ்வளவுதான் சூட்சுமம். விற்றவர் இதைச் சொல்லவில்லை, காய்ந்த தரையில் ஐந்து நிமிடம் தானே ஓட்டிக் காட்டிவிட்டு பில் போட்டுவிட்டார். முதல் நாள் நான் பலத்தைக் காட்டப் போக, அது சுழன்று கண்ணாடித் தடுப்பின் ஓரத்தில் முட்டி நின்றது, கண்ணாடி தப்பியது யார் செய்த புண்ணியமோ. எங்கள் மூத்த அக்கா ஒரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கட்டுத்தறியை அறுத்துட்டுப் போற மாடாட்ட இழுக்குதுங்க, எனக்கு மாப்பே போதும்" என்று விட்டுவிட்டார். பையன்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மொட்டை மாடியில் ஓட்டி ஓட்டிப் பழகினான்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஆபீஸில் கைக்கு எட்டும் பிளக்கெல்லாம் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்காக யுபிஎஸ்ஸில் இருந்து இழுத்தவை. நான் ஒரு மேசைக்கு அடியில் கண்ணில் பட்டதில் சொருகி ஸ்விட்ச்சைத் தட்டினேன், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்காமல் யுபிஎஸ் அலறி அணைந்தது, கூடவே அந்த வரிசை கம்ப்யூட்டர்களும். இரவு எட்டு மணி, ஒருவர் மட்டும் ஏதோ ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இப்போதெல்லாம் போனதும் முதல் வேலை, பான்ட்ரியில் (டீ, காபி போடும் இடம்) 16 ஆம்பியர் பவர் பிளக் எங்கே என்று தேடுவது. நல்ல கனமான எக்ஸ்டென்ஷன் ஒயரும் எடுத்துப் போகிறோம்.

எனக்கு வாங்கும்போது தெரியாத இன்னொன்று, இந்த மெஷின் தேய்க்கும், தண்ணீரை உறிஞ்சாது. தேய்த்த பிறகு ஹால் முழுக்கக் கறுப்புக் குழம்பு நிற்கும். அதை வைப்பர் போட்டு ஒதுக்கி, அள்ளி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் மாப்பு போட்டாக வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. போர் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரை உறிஞ்சும் வெட் வாக்குவம் தனியாக வாங்க வேண்டும், அது தனிக் காசு. தேய்ப்பதும் உறிஞ்சுவதும் சேர்ந்த மெஷின் நம் கைக்கு எட்டாத விலை.

பேடு நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை பாலிஷுக்கு, சிவப்பு லேசான அழுக்குக்கு, பச்சை நன்றாகத் தேய்க்க, கறுப்பு தரையில் பூசிய பழைய மெழுகுப் பூச்சை உரித்தெடுக்க. கடைக்காரர் "இதான்ங்க சீக்கிரம் போகும்" என்று ஐந்து கறுப்பு பேடைத் தலையில் கட்டினார். மார்பிள் தரையில் அதைப் போட்டால் பளபளப்பு போயே போய்விடும். மார்பிளில் ஆசிட்டும் கூடாது, சுண்ணாம்புக் கல் அது, அரித்துவிடும். கோட்டா கல்லும் அதே சாதிதான்.

எட்டாவது மாதம் மெஷின் உறுமிக்கொண்டே நின்றது, தட்டு சுற்றவில்லை. விற்ற கடையில் "ஆள் வருவாருங்க" என்றார்கள், பத்து நாள் யாரும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் பம்ப் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர் திறந்து பார்த்து கெப்பாசிட்டரை மாற்றினார், அரை மணி நேர வேலை. கோவையில் இருப்பதில் இது ஒரு வசதி.

சரி, வாங்கலாமா? என் கணக்கைச் சொல்கிறேன். ஆறு ஆபீஸ் கையில் இருக்கின்றன, தினசரி வேலை பெருக்குவது, மாப்பு, டாய்லெட், குப்பைத்தொட்டி, பான்ட்ரி. மெஷின் வெளியே போவது மாதத்தில் ஐந்து நாள், அதுவும் சனி ஞாயிறு டீப் கிளீனிங்குக்கு. தரை முழுக்க கார்ப்பெட் போட்ட ஐடி ஆபீஸ் இரண்டு உண்டு, அங்கே இதற்கு வேலையே இல்லை. முதல் ஆறு மாதம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருந்தால், மிச்சமாகும் காசில் மாப்பு பிழியும் டிராலி இரண்டு, டாய்லெட்டுக்கு சிவப்பு, மேசைக்கு நீலம், பான்ட்ரிக்குப் பச்சை என்று மைக்ரோஃபைபர் துணி, நல்ல கெமிக்கல், அளவுக் கப்பு எல்லாம் வாங்கியிருப்பேன். கப்பு என்றதும் சிரிக்காதீர்கள். கைக்கணக்கில் ஊற்றி தரை பிசுபிசுத்து, நடந்தால் செருப்புத் தடம் விழுகிறது என்று நான் வாங்கிய திட்டுகள் அதிகம். அக்காக்களிடம் முதல் நாளே சொல்லி வைத்த ஒரே கட்டளை, ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும் என்பது.

மாதத்துக்கு மூன்று டீப் கிளீனிங் நிச்சயமாக வரும், ஓட்டத் தெரிந்த ஆளும் இருக்கிறான் என்றால் தாராளமாக வாங்கலாம், தேய்க்கும் வேலைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். விற்பனைக்குப் பிந்தைய சர்வீஸுக்கு ஒன்று. யாருக்காவது கறுப்பு பேடு வேண்டுமென்றால் ஐந்தும் கவர் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.