மண்டூர்ல ஒரு வீட்டுத் தங்கல் - போகலாமா விடலாமா

முதல்ல ஒண்டு சொல்லிர்றன், இது ஹோட்டல் இல்ல. மட்டக்களப்பு மண்டூர்ல ஒரு வீட்டுக்காரர் பின்பக்கத்து ரூமை வாற ஆக்களுக்கு குடுக்கிறாங்க, போர்டு கீர்டு ஒண்டும் இல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லித்தான் போகணும். ஏசி, வைஃபை, சுடுதண்ணி எண்டு தேடுற ஆக்கள் பாசிக்குடாப் பக்கம் போறதுதான் நல்லம்.

போற வழி. களுவாஞ்சிகுடியால கிறுகி பட்டிருப்புப் பாலத்தால வெல்லாவெளிப் பக்கம் சுத்தியும் போகலாம், ஆனா என்னைக் கேட்டா குருமண்வெளியில பாதையில, அதான் வாவியக் கடக்கிற மிதவைப் படகுல, ஏறுங்க. பைக், சைக்கிள், ஓட்டோ, மீன் பெட்டி கட்டின வியாபாரி, பள்ளிக்கூடத்துக்குப் போற டீச்சர்மார் எல்லாரும் அந்த ஒரு தட்டுலதான், அக்கரையில நிக்குதெண்டா திரும்பி வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான், அந்த இடைவெளிக்குள்ள நாங்க எந்த ஊர், ஆருட புள்ள, என்னத்துக்குப் போறம் எண்டு எல்லாம் விசாரிச்சு முடிச்சிருவாங்க. நாங்க இறங்க முதலே வீட்டு மாமிக்கு கோல் போயிட்டுது!

மண்முனையிலயும் முந்தி இப்பிடித்தான், 2014ல ஜப்பான் உதவியில பாலம் கட்டின பிறகு கொக்கட்டிச்சோலைக்கு ரோட்டாலயே போயிர்றம். இஞ்சயும் பாலம் வேணும் எண்டு ஊராக்கள் கேக்கிறாங்க, கேக்கிறது சரிதானே, ராவுல ஒருத்தருக்கு ஏலாமப் போனா இந்தத் தண்ணியக் கடந்து கொண்டு போறதெண்டா சும்மாவா. பாதைய ரசிக்கிறதெல்லாம் எங்கள மாதிரி வந்து போற ஆக்களுக்குத்தான்.

வீடு சுத்தம், வளவு பெரிசு, கிணத்துத் தண்ணி நல்ல குளிர். ஆனா நுளம்பு சரியான மோசம், வலையில ஓட்டை வேற, கட்டில் மெத்தை நடுவுல குழி விழுந்து கிடக்கு, சொன்னா மாமி சிரிச்சிட்டு "புள்ள, பாய் தரட்டா" எண்டு கேக்கிறா. போட்டோவுல காட்டின ரூம் வேற, தந்த ரூம் வேற, அதுக்கு நான் ஒரு ஸ்டார் வெட்டிட்டன்.

சாப்பாடுதான் இதெல்லாத்தையும் மறக்க வச்சது. வாவி இறால் பொரியல், கீரைச் சுண்டல், மீனாணம், சிவத்தப் பச்சரிசிச் சோறு, மறுகா சட்டியோட எருமைத் தயிர். கரண்டியால வெட்டினா கட்டியா நிக்குது, மேல மஞ்சளா ஆடை, ஓரத்துல கொஞ்சம் சட்டி மண் வாசம், டவுண்ல கடையில வாங்குற தயிரை இதுக்குப் பக்கத்துல வைக்கவே ஏலா. முதல் நாளே சொல்லி வைக்கணும், இல்லாட்டி எருமை வளக்கிற பட்டிக்காரர் விடியவே வித்து முடிச்சிருவார்.

மாமியோட கதைச்சா நேரம் போறது தெரியாது. அந்த வீடு அவட அம்மாட சீதனம், இனி மகளுக்குத்தான், மாமா கல்யாணம் கட்டி வாவிக்குக் கிழக்கால கடல் பக்கம் இருக்கிற எழுவான்கரையில இருந்து இஞ்ச வந்தவர், இன்னும் பகிடிக்கு அவர "வந்தான் வரத்தான்" எண்டுதான் சொல்றா. எங்களிட்டயும் சோறு போட முதல் "என்ன குடி" எண்டு கேட்டா. குடி எண்டா தாய் வழியால வாற வம்சம், டவுண் பொடியங்களுக்கு அது தெரியாது, உடனே எங்கட அம்மாக்கு கோல் எடுத்து கேட்டுட்டுத்தான் விட்டா. இது சில ஆக்களுக்குப் பிடிக்காது, எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு, ஆனா கோயில் திருவிழாவுல உரிமை எல்லாம் குடி பாத்துத்தானே போகுது, அவங்களுக்கு அது சாப்பிட்டியா எண்டு கேக்கிற மாதிரி.

கோயில் எண்டா முருகன் கோயில், சின்னக்கதிர்காமம் எண்டு சொல்ற கோயில்தான். பூசை செய்ற கப்புகனார் வாயைத் துணியால கட்டி, திரைக்கு உள்ளுக்குப் போய்த்தான் செய்றார், மந்திரச் சத்தம் ஒண்டும் இல்ல. விக்கிரகத்தப் பாத்துக் கும்பிடணும் எண்டு போனா ஏமாந்துருவீங்க, திரையத்தான் கும்பிடணும். திருவிழா ஆவணிப் பூரணைத் தீர்த்தத்தோட முடியுது, அந்த நேரம் ரூம் கிடைக்கும் எண்டு கனவிலயும் நினைக்காதீங்க, மாமிட சொந்தக்காரரே திண்ணையிலதான் படுப்பாங்களாம்.

மற்றது, பின்னேரம் வட்டை, அதான் வயல் பக்கம் நடக்க ஆசைப்பட்டா வெளிச்சத்துலயே திரும்பிருங்க. வாவிக்கு மேற்கால இருக்கிற இந்தப் படுவான்கரையில ஆனைப் பிரச்சினை விளையாட்டில்ல, ராவுல ஆனையத் துரத்துற ஆனைவெடி கேட்டுது, மாமா எழும்பிப் பாக்கக்கூட இல்ல, திரும்பிப் படுத்துட்டார், நான்தான் விடியுமட்டும் முழிச்சிக்கொண்டு கிடந்தன். அறுவடை நேரம் போனா ரோட்டுல நெல்லுக் காயப் போட்டிருப்பாங்க, பைக்க ஓரமா எடுங்க, மேலால ஏத்தினா பேச்சு வாங்குவீங்க. மாரியில வெள்ளம் வந்தா வழியே அடைபட்டிரும், காத்து கூடினா பாதையும் ஓடாது, அதால வெளிக்கிட முதல் கேட்டுட்டு வெளிக்கிடுங்க.

காசு ஞாயமாத்தான் எடுத்தாங்க, தயிருக்கு வாங்கவே மாட்டன் எண்டுட்டா. ஐஞ்சுக்கு நாலு. நுளம்புத்திரி உங்கட பேக்குல கொண்டு போங்க, அங்க கடை எட்டு மணிக்கே பூட்டிருவாங்க.