14 வயதுக் குதிரைக்கு முதல் சினை: வீட்டுக்கே வரும் டாக்டர்

எங்கள் கத்தியவார் இனப் பெட்டைக் குதிரைக்கு 14 வயது, ஒரு குட்டியும் போட்டதில்லை. அந்தியூர்ப் பக்கம் இந்த மாதிரிக் குதிரை வைத்திருப்பவர்கள் இந்த டாக்டரைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஆண் குதிரை பற்றிப் பேசும் முன்பே ஸ்கேன் செய்து, கருப்பைக்குள் கறுப்பாகத் தேங்கியிருந்த நீரைத் திரையில் காட்டினார். முதல் சினைக்கு வயதாகிவிட்டால் கருப்பை வாய் சரியாக இளகாதாம். இணை சேர்ந்தபின் அழுக்கு வெளியேறாமல் தங்கி அழற்சியாகும், கரு நிற்காது. அதனால் சினைமுட்டைப் பை (முட்டை முதிரும் சின்ன நீர்ப்பை) 35 மி.மீ. தாண்டியதும் ஒரே தடவைதான் சேர்க்க விட்டார். ஆறு மணி நேரத்தில், கருப்பையைச் சுருங்க வைத்து நீரை வெளியேற்றும் ஆக்ஸிடோசின் ஊசி, மறுநாள் மறுபடி ஸ்கேன்.

இணை சேர்ந்தபின் 15ஆம் நாள் வாக்கில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். இரட்டைக் கருவென்றால் அப்போதே ஒன்றை நீக்கணும், விட்டால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். பிரசவத்தில் இரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்தும் வயதோடு கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் "நிக்காமலும் போகலாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அதற்கே கொடுக்கலாம். பருவம் தொடங்கிய அன்றே போன் பண்ணுங்கள். தாமதித்தால் அடுத்த சுற்றுக்கு மூன்று வாரம்.