ஏற்காடு பறவை நடை: நடை அருமை, பேர்தான் உதைக்குது (5க்கு 3.5)

போன மாதம் ஏற்காட்டில் ஒரு பறவை நடைக்குப் போய் வந்தேன். ஆளுக்கு 400 ரூபாய், காலை 6.15க்கு ஏரிக்கரையில் கூடி, காப்பித் தோட்டம் வழியாக நடந்து 9 மணிக்கு முடிக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் முதல் நாளே மேலே தங்கிவிடுங்கள், விடிந்த பிறகு பஸ்ஸைப் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் போய்விடும். நடத்துபவர்கள் யார் என்று இங்கே சொல்லவில்லை.

வழிகாட்டியாகக் கூட வந்த பையன் கெட்டிக்காரர். சத்தத்தை வைத்தே குக்குறுவானையும் செம்மீசைச் சின்னானையும் பிரித்துச் சொன்னார். பைனாகுலர் மட்டும் 11 பேருக்கு 4தான், குழந்தைகள் அதிலேயே சண்டை போட்டார்கள். பார்த்ததை எல்லாம் அப்போதைக்கப்போது இ-பேர்டில் (யார் வேண்டுமானாலும் பார்த்த பறவைகளைப் பதிகிற இணையதளம், செல்போன் ஆப்) ஏற்றினார். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை, 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையே இப்படி ஆர்வலர்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான் எழுதப்பட்டது.

சரி, குறைக்கு வருகிறேன். ஆரம்பத்திலேயே அந்தப் பையன் "இன்று முதல் நீங்கள் எல்லாரும் குடிமக்கள் விஞ்ஞானிகள்" என்றார். சாதாரண மக்களே தகவல் திரட்டி ஆய்வுக்கு உதவுவதை இங்கிலீஷில் 'சிட்டிசன் சயின்ஸ்' என்பார்கள், அதன் தமிழாக்கம் இது. பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், நம்மூரில் குடிமகன் என்றால் யாரென்று தெரியாதா! எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஊர்ப்பக்கம் முடி திருத்துகிறவரைக் குடிமகன் என்று கூப்பிட்டுத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அமெரிக்காவிலும் இந்த 'சிட்டிசன்' சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள், ஆனால் அங்கே வேறு காரணம்: குடியுரிமை இல்லாதவர் வெளியே நிற்கிற மாதிரி ஆகிறதே என்று. அதற்காகச் சிலர் 'கம்யூனிட்டி சயின்ஸ்' என்று மாற்றினார்கள். உடனே, அது தங்கள் ஊர்க் காற்றும் தண்ணீரும் கெட்டதற்காக மக்களே ஆய்வு செய்து போராடியதற்கு ஏற்கெனவே இருக்கிற பேர், அதை எடுத்துக்கொள்ளலாமா என்று எதிர்க்கேள்வி வந்தது. சிட்டிசன் சயின்ஸ் என்றே பேர் வைத்திருந்த அங்குள்ள சங்கமே 2023இல் பங்கேற்பு அறிவியல் என்று தன் பேரை மாற்றிக்கொண்டது. நம்மிடம் கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட்தான் ஞாபகம் வரும். சமூக அறிவியல் என்று தமிழாக்கினால் பத்தாம் வகுப்புப் பாடம்!

பேரை விடுங்கள், ஆளுக்கு வருவோம். ஓடை திரும்புகிற இடத்தில் மிளகு பறிக்க வந்த ஒரு அக்கா நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கணக்கு எடுக்கறீங்க கண்ணு, ரேஷனா?" என்று கேட்டார். பறவைக் கணக்கு என்றதும் அவருக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் எதிர்ப்பக்கப் பாறையைக் காட்டி, "விசிலடிக்கிறவன் அங்கதான் இருப்பான், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். இரண்டு நிமிடத்தில் சீகாரப்பூங்குருவி வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நாங்கள் பார்த்ததிலேயே அதுதான் விசேஷம்.

பையன் பட்டியலை முடிக்கும்போது எட்டிப் பார்த்தேன். எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று இ-பேர்டு ஒரு கட்டம் வைத்திருக்கிறது. அதில் 12 என்று போட்டிருந்தார், நாங்கள் 11, அவர் ஒன்று. அக்காவையும் சேர்த்து 13 போடுங்கள் என்றேன். "அவங்க லோக்கல் சார், நம்ம டீம் இல்லையே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது தோன்றவேயில்லை. கடைசியில் மாற்றினார், நான் கேட்டேன் என்பதற்காக.

கையில் கொடுத்த பறவைத் தாளும் முழுக்க இங்கிலீஷ். அந்த அக்காவிடம் அதை நீட்டி என்ன பிரயோஜனம்?

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஒன்று: 2015லிருந்து பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, இலவசம், மொட்டை மாடியில் நின்று 15 நிமிடம் எண்ணினாலே போதும். நடைக்கே போகிறவர்கள் ஸ்வெட்டரும் சொந்த பைனாகுலரும் கொண்டுபோங்கள். முடிந்ததும் தருகிற காப்பி பிரமாதம்.