ரத்தான தொடருக்கு டிவிடியில் மறுவாழ்வு: ஸ்டார்கேட் போன வழியா, ஃப்யூச்சராமா போன வழியா?

சேனல்காரர்கள் ஒரு தொடரை ஊத்தி மூடிவிட்டால், பாதியில் நிற்கிற கதை என்னாவது? 2007, 2008 வாக்கில் அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தியேட்டருக்குப் போகாமல் நேராக டிவிடி கடைக்கு வரும் படம். அந்த வழியில் போன அறிவியல் புனைவுத் தொடர்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கரையேறியது, ஒன்று நடுவழியில் நின்றது.

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 1997இல் தொடங்கி 10 சீசன், 214 எபிசோடு ஓடிய தொடர். 'ஸ்டார்கேட்' என்ற வாசல் வழியாக அமெரிக்க ராணுவக் குழு ஒன்று வேறு கிரகங்களுக்குப் போய்வரும் கதை. 2006இல் ரத்து என்று அறிவித்தபோது ஓராய் என்ற எதிரிகளின் கதை முடிந்தபாடில்லை. 2008 மார்ச்சில் வந்த 'தி ஆர்க் ஆஃப் ட்ரூத்' அந்தக் கடனை அடைக்க எடுத்த படம். அடைத்தது, அவ்வளவுதான், தொடரைப் பார்க்காதவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஜூலையில் வந்த 'கன்டினியூம்' வேறு ரகம். வில்லன் 1939க்குப் போய் வரலாற்றில் கைவைக்கிறான். ஸ்டார்கேட் திட்டமே இல்லாத பூமிக்கு நாயகர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களை யாரும் நம்பவில்லை, உலகைக் காப்பாற்றியவர்களுக்கு அங்கே பெயர்கூட இல்லை. ஆர்க்டிக் காட்சிகளில் சிலவற்றை நிஜமாகவே அங்கே போய் எடுத்தார்கள். பனியைப் பிளந்து எழும் நீர்மூழ்கி, அமெரிக்கக் கடற்படையின் அசல் 'அலெக்ஸாண்ட்ரியா'. டிவிடிக்கு எடுத்த படம் என்று சொன்னால்தான் தெரியும்.

'ஃப்யூச்சராமா' கார்ட்டூன். ஃபாக்ஸ் சேனலில் 1999 முதல் 2003 வரை 72 எபிசோடு ஓடி நின்றது. 2007 நவம்பரிலிருந்து 2009 பிப்ரவரிக்குள் நான்கு டிவிடி படங்கள். முதல் படம் தொடங்கியதுமே, தங்களை ரத்து செய்த சேனல் அதிகாரிகளைப் போட்டு வாருகிறார்கள். அந்தக் குசும்புக்கே காசு கொடுக்கலாம்! ஆனால் படமாகப் பார்த்தால் இடறுகிறது. ஒவ்வொரு படத்தையும் பிறகு நான்காக வெட்டி டிவியில் போட வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதை உச்சத்துக்கு ஏறி, இறங்கி, மறுபடி மூச்சுப் பிடிக்கிறது. நான்கில் ஒன்றான 'பெண்டர்ஸ் கேம்' எனக்குப் பாதிக்கு மேல் ஓடவில்லை.

படம் என்று பார்த்தால் என் ஓட்டு 'கன்டினியூம்' பக்கம். ஆனால் பிழைத்தது ஃப்யூச்சராமாதான், காரணம் அதே வெட்டுதான். நான்கு படங்கள் 16 எபிசோடுகளாகி காமெடி சென்ட்ரலில் ஓடின. அந்தச் சேனலே 2009இல் 26 புது எபிசோடுகள் கேட்டது. ஸ்டார்கேட் படங்கள் டிவிடி விற்பனையை நம்பியே நின்றன. 2009க்குள் அந்தச் சந்தை சரிந்தது, 2010இல் தயாரிப்பு நிறுவனமான எம்ஜிஎம் திவால் மனு கொடுத்தது. எஸ்ஜி-1இன் மூன்றாவது படமும், 100 எபிசோடோடு நிறுத்தப்பட்ட அதன் கிளைத் தொடர் 'ஸ்டார்கேட் அட்லான்டிஸ்'க்குச் சொன்ன படமும் காகிதத்தோடு சரி.

தியேட்டருக்கே போயிருக்கலாமே என்பவர்கள் 'ஃபயர்ஃபிளை'யைப் பார்க்கலாம். 2002இல் 14 எபிசோடோடு நின்ற தொடர். 2005இல் அதன் தொடர்ச்சியாகத் தியேட்டருக்கென்றே சுமார் 4 கோடி டாலரில் 'செரினிட்டி' எடுத்தார்கள், உலகம் முழுக்க வசூலும் ஏறக்குறைய அவ்வளவே. அடுத்த படம் வரவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஃப்யூச்சராமா படங்களை வெட்டிய எபிசோடுகளாகவே பாருங்கள், அப்படித்தான் ருசி. எஸ்ஜி-1க்கு பத்து சீசனும் பொறுமை இல்லையென்றால், முதல் சில சீசன்களை முடித்துவிட்டு நேரே 'கன்டினியூம்' போகலாம். 'ஆர்க்'கைத் தாண்டினாலும் குடி முழுகாது.